நான் போட்ட பூஜ்ஜியங்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான லாபிஸில் மதிய மழை வருவதற்கு முன்பு ஓர் அரை மணி நேரம் உண்டு. காற்று நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளில் ஓர் ஓலைகூட அசையாது. தண்டவாளத்துப் பக்கமிருந்து ஈர மண் வாசனை மட்டும் மெல்ல வந்து ஜன்னல் வலையில் தங்கும். அந்த நேரத்தில் வேலை செய்கிறவருக்குத் தான் விழித்திருக்கிறோமா, கனவில் தட்டச்சு செய்கிறோமா என்பதே தெரியாது. என் வாழ்க்கையின் பெரிய தவறு அப்படி ஓர் அரை மணி நேரத்தில்தான் நடந்தது. செய்யும்போது மிகவும் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ரயிலேறி அலுவலகம் போவேன். எங்கள் கம்பெனி செய்வது லோரிகளின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஒரு கறுப்புப் பெட்டி. லோரியில் சாவி போட்டிருக்கிறவரைக்கும் எதிரே தெரியும் சாலையை அது படம் பிடித்துக்கொண்டே இருக்கும். படம் பிடிப்பது கேமராவின் வேலை. பிடித்த படத்தைக் கார்டில் எங்கே வைப்பது, வைத்ததைப் பிறகு எப்படித் தேடி எடுப்பது என்பது என் வேலை. இதற்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். கார்டைப் பல ஆயிரம் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருப்போம். எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அந்தப் பூஜ்ஜியக் கட்டம்தான் பொருளடக்கம். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் ஆரம்பிக்கிறது என்று அங்கேதான் எழுதியிருக்கும். அது அழிந்தால் படங்கள் அழியாது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆள் இருக்காது.

நான் எழுதும் நிரலைப் பெட்டிக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். பொறுமைசாலி, ஆனால் வாய் ஓயாது. இந்த வரி சரிதானா, அந்த வரி தேவையா என்று வார்னிங் மேல் வார்னிங்காகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்லுமே தவிர வேலையை நிறுத்தாது. கேட்டால் கேள், கேட்காவிட்டால் உன் பாடு.

அது அதிகமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. நிரலில் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ள ஒரு பெயர் வைப்போம், வேரியபிள் என்போம். சமையலறையில் பேர் எழுதி ஒட்டிய டப்பா மாதிரி. டப்பாவை அடுக்கில் வைத்துவிட்டு, உள்ளே எதையும் போடாமலே, பிறகு அதிலிருந்து அள்ளிக் குழம்பில் போட்டால் என்ன ஆகும்? டப்பா காலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. காலியாக இருக்காது. முன்பு யாரோ வைத்த எதுவோ மிச்சம் கிடக்கும். கம்பைலர் அதைப் பார்த்துவிட்டு, இதில் எதையும் போடாமலே எடுக்கிறாய் போலிருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லும். நியாயமான பேச்சுதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய நிரலை லோரிகளுக்கு அனுப்புவதற்கு முன்னால் கம்பைலர் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. எங்கள் குழுத் தலைவர் என்னைவிட வயதில் சின்னவர், ஜொகூர் பாருவில் பல வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கடைக்கு வருகிறவர்களைக் கவனிப்பதுபோல எங்களையும் கவனிப்பார். வற்புறுத்துவதுகூடச் சாப்பிடச் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

"க்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள வார்னிங் எல்லாத்தையும் கிளியர் பண்ணிடுங்க லா. திங்கக்கிழமை கஸ்டமர் வராங்க. ஸ்கிரீன்ல ஒரு மஞ்ச வரி இருந்தாலும் ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

நூற்றுக்கும் மேல் இருந்தன. அவற்றைச் சரிசெய்ய முறையான வழி ஒன்றுதான். ஒவ்வொரு டப்பாவுக்கும் உட்கார்ந்து, இது எந்தெந்த வழியில் நிரம்புகிறது, எந்த வழியில் நிரம்பாமல் போகிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். நிரம்பாத வழியில் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பல நேரம் அந்த முடிவு, 'எனக்குத் தெரியவில்லை' என்று பெட்டி உரக்கச் சொல்லி நின்றுவிடுவதாகத்தான் இருக்கும். இன்னொரு வழி, எல்லா டப்பாவிலும் முதலிலேயே ஒரு பூஜ்ஜியத்தைப் போட்டுவிடுவது. கம்பைலர் உடனே வாயை மூடிக்கொள்ளும். உள்ளே ஏதோ ஒன்று இருந்தால் அதற்குப் போதும். அது சரியானதா என்று அதற்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இதைச் செய்யாத ஆள் கிடையாது. செய்யவில்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

இரண்டு மதியங்கள் போட்டுக்கொண்டே போனேன். சமம், பூஜ்ஜியம். சமம், பூஜ்ஜியம். மஞ்சள் வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தூரத்தில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லாததுபோல. அதன் தாளத்துக்கு என் விரலும் போனது. நான் படித்தேனா, படிப்பதுபோல் கண்ணைத் திறந்து வைத்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கை நின்றது. மின்சாரம் திடீரென்று போய்த் திரும்பி வருகிறது, கார்டும் நிறைந்திருக்கிறது. அப்போது அடுத்த படத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த எண்ணை வைக்கும் டப்பாவில், அந்தச் சூழ்நிலையில் மட்டும், யாரும் எதையும் போட்டிருக்கவில்லை. என்ன போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்றும் நினைத்தேன். முதல் துளி தகரக் கூரையில் விழுந்தது. கொடியில் துணி கிடந்தது. அங்கேயும் ஒரு பூஜ்ஜியத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

வெள்ளிக்கிழமை கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. 'சூப்பர் க்கா' என்று செய்தி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குப் பாராட்டு.

என் அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்கிறார். என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். கம்பெனி சோதனைக்குக் கொடுத்த பெட்டிகளில் ஒன்றை அவருடைய லோரியில் நான்தான் ஒட்டினேன். லோரி முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கியதும் நான்தான். "எதுக்கு மா இது, நான் என்ன திருடவா போறேன்?" என்று அண்ணன் கேட்டார். உங்கள் மேல் யாராவது பழி போட்டால் இது சாட்சி சொல்லும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து, பனி மூட்டமாக இருந்த ஒரு காலையில், தோட்டத்து மண்பாதை தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் அண்ணனின் லோரியும் ஒரு மலாய்ப் பெரியவரின் மோட்டர் சைக்கிளும் மோதிக்கொண்டன. பெரியவர் பக்கத்துக் கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்துக்காரர்; வயதானவர்களைக் கூப்பிடுவதுபோல அவரையும் பாக்சிக் என்போம். தன்னுடைய சிறு தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் சீவப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. அண்ணனின் லோரி ஓரத்துக் கால்வாயில் இறங்கியது. ஸ்டீயரிங்கில் நெற்றி மோதி, அவருக்கு ஐந்து தையல்.

மண்பாதை முடிகிற இடத்தில் 'பெர்ஹெந்தி' என்று சிவப்புப் பலகை இருக்கிறது. நிறுத்து என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, பார்த்துவிட்டுத்தான் தார்ச்சாலையில் ஏற வேண்டும். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அண்ணன் நிறுத்தினாரா?

அண்ணனுக்கு ஞாபகம் இல்லை.

"பலகைய பாத்தது ஞாபகம் இருக்கு மா," என்றார். "அப்புறம் ஒரே வெள்ளையா இருக்கு. அதுக்கப்புறம் பாக்சிக் தரையில கிடக்காரு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

இருபத்தைந்து வருடம் ஓட்டியவர். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் லோரிப் பக்கமே போகவில்லை. அது இருக்கட்டும், வீட்டுக் காரைக்கூடத் தொடவில்லை. அண்ணி சாவியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நான் நிக்காம ஏறியிருப்பேனா மா? ஏறியிருந்தா, இனிமே எந்தத் தைரியத்துல ஓட்டுறது?" பெட்டி இருக்கிறதே, பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொன்னேன். வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து, கால்வாயிலிருந்து இழுத்துப்போன லோரியைப் பட்டறையில் பிரித்தபோது, முதலாளி கார்டை எடுத்துத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். காலி என்று வந்தது. திங்கட்கிழமை அதை ஒரு கடித உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "ஒங்க கம்பெனி சாமான் தானே, நீயே பாரு," என்றார். வெள்ளிக்கிழமை அண்ணன் பக்கத்து நகரமான சிகாமட்டின் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்குள் எப்படியும் எடுத்துவிடுகிறேன், அதுவரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினார்.

முதலில் கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். அசலை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு நகலில் பூஜ்ஜியக் கட்டத்தைத் திறந்தேன். பொருளடக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படத்தின் துண்டு கிடந்தது. யாரோ முதல் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

எந்த மடையன் பூஜ்ஜியத்தில் போய் எழுதுவான் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கார்டு செய்தவனைத் திட்டினேன். கேமராக்காரனைத் திட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு, நிரலின் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று பக்கத்தில் பேரோடு காட்டும். எழுதும் எண்ணைப் பூஜ்ஜியமாக்கிய வரிக்கு வந்து சேர்ந்து கட்டளையைக் கொடுத்தேன். என் பேர் வந்தது. பக்கத்தில் நான் எழுதிய குறிப்பும் வந்தது. 'வார்னிங் சரிசெய்யப்பட்டது.'

பிறகு எழுந்துபோய் முகம் கழுவினேன். மோதியபோது மின்சாரம் போயிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறது. கார்டு நிறைந்திருக்கிறது. நான் அந்தப் பூஜ்ஜியத்தைப் போடாமல் இருந்திருந்தால், டப்பாவில் கிடந்த குப்பை எண்ணைப் பார்த்து அந்தப் பெட்டி பெரும்பாலும் அங்கேயே செத்து நின்றிருக்கும். கார்டு பிழைத்திருக்கும். நான் போட்டதால் அது அமைதியாக, தெரிந்த ஆள்போல, போய் முதல் பக்கத்தை அழித்தது. அந்த அமைதி நான் கொடுத்தது.

குழுத் தலைவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அலமாக்," என்று மலாயில் அங்கலாய்த்தார். பிறகு, "நீங்க படத்த தேடுங்க க்கா, நான் இங்க புதுப் பெட்டில கார்டை நிரப்பி, மின்சாரத்த புடுங்கிப் பாக்குறேன்," என்றார்.

பொருளடக்கம் போனாலும் படங்கள் அங்கேயேதான் இருந்தன. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம் உண்டு. அதை வைத்துத் துண்டு துண்டாக எடுக்கலாம். ஒரு துண்டு அரை நிமிடம் ஓடும். தேதியும் நேரமும் படத்தின் மூலையில்தான் பொறித்திருக்கும், வேறெங்கும் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வரிசையும் கிடையாது. செவ்வாய் மாலைக்கு அடுத்து ஞாயிறு காலை, அதற்கு அடுத்து ஏதோ ஒரு வியாழன் மழை.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் என் அண்ணனின் நாட்களுக்குள் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. செம்மண் பாதை கண்ணாடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும், இரு பக்கமும் செம்பனைகள் விலகி வழிவிடும். பனி தரையோடு கிடக்கும், அதற்குள் லோரியின் வெளிச்சம் நுழைந்து மஞ்சளாகக் கரையும். ஒரு காட்டுப்பன்றி ஏழெட்டுக் குட்டிகளோடு குறுக்கே போனது. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, கடைசிக் குட்டி போகும்வரை காத்திருந்தார். பெட்டியில் ஒலியும் பதிவாகும். மேட்டில் ஏறும்போது, "வா தங்கம், இன்னும் கொஞ்சம், வந்துட்டோம்," என்று லோரியிடம் கெஞ்சினார். யாரும் இல்லாத பாதையில் உரக்கப் பாடினார். வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. ஒரு துண்டில் கண்ணாடி முழுக்க மழை வழிந்தது, துடைப்பான்கூட ஓடவில்லை. அவர் எங்கேயோ ஓரங்கட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மூச்சு மட்டும் கேட்டது. அந்த அரை நிமிடத்தை நான் நான்கு தடவை பார்த்தேன், தேவையே இல்லாமல்.

புதன்கிழமை ஒரு துண்டில் நானே வந்தேன். லோரி எங்கள் வீட்டைக் கடக்கிறது. நான் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். "பாரு, கம்ப்யூட்டர போட்டுட்டு ஓடுறா," என்று அண்ணனின் குரல் சிரித்தது. இதெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பதிந்ததல்ல. ஆனால் இருந்தது, ஒவ்வொரு கட்டத்திலும். வெளியே என் ஜன்னலிலும் மழை பெய்துகொண்டிருந்தது. எந்த மழை எந்த நாளுடையது என்று சில நேரம் எனக்குக் குழம்பியது.

ஒவ்வொரு தடவை எழுந்து வரும்போதும் அண்ணன் நாற்காலியில் இருந்து கேட்பார். "கெடச்சிச்சா?"

"இன்னும் இல்லண்ணே. தேடுறேன்."

ஏன் தேட வேண்டியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படம் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம், மழைக்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில், கிடைத்தது. அதே தேதி, அதே காலை. பனி. மண்பாதை. சிவப்புப் பலகை மெல்ல வலப்பக்கமிருந்து... இல்லை, இடப்பக்கமிருந்து வந்தது. என் நெஞ்சு அடித்த அடியில் எனக்குத் திசைகூடத் தெரியவில்லை. பலகை பக்கத்தில் வந்தது. காட்சி நின்றது. ஓலைகள் அசையாமல் நின்றன, ஒரு துளி கண்ணாடியில் வழிந்தது. அண்ணனின் குரல், "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணியது. ஒரு கார் வலப்பக்கமிருந்து வந்து கடந்து போனது. மறுபடியும் எண்ணினார். பிறகுதான் லோரி நகர்ந்து இடப்பக்கமாகத் திரும்பியது. பனிக்குள்ளிருந்து, எதிர்த் திசையில், சாலையின் தப்பான பக்கத்தில், விளக்கில்லாமல் ஒரு மோட்டர் வந்தது. கம்பத்திலிருந்து சிறு தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் குறுக்கே வருவார்கள், அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் கத்தினார். படம் முடிந்தது.

நான் வாய்விட்டு அழுதேன். அவர் நின்றிருக்கிறார். எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஓடிப்போய்ப் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. "காலையிலேயே ரயிலேறி சிகாமட் போயிட்டாரு," என்றார் அண்ணி. "பாக்சிக்க ஆஸ்பத்திரில பாக்கணுமாம். சொன்னா கேக்கவா போறாரு?"

மழையில் நனைந்துகொண்டு நான்கு மணிக்கு வந்தார். தலையைக்கூடத் துடைக்க விடாமல் கையைப் பிடித்து இழுத்து வந்து திரை முன்னால் உட்கார வைத்தேன். படம் ஓடியது. அவருடைய குரல் எண்ணியது. அண்ணன் உதடும் கூடவே எண்ணியது. முடிந்ததும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்தார்.

"நின்னிருக்கேன்," என்றார்.

"நின்னிருக்கீங்கண்ணே."

"நான் இப்பதான் போலீஸ் ஸ்டேஷன்ல, பலகைகிட்ட நிக்கலைன்னு சொல்லி கையெழுத்துப் போட்டுட்டு வரேன் மா."

அண்ணி, "ஐயோ!" என்று தலையில் கை வைத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள், வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேனே என்று கத்தினேன். அண்ணனிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"பாக்சிக்க பாத்தேன். அவருக்கும் ஞாபகம் இல்லையாம். கால மேல தூக்கிக் கட்டியிருக்காங்க. பாத்துட்டு நேரா ஸ்டேஷன் போனேன். நின்னியா நிக்கலையான்னு அந்தம்மா கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னேன். மறுபடி கேட்டாங்க. பேனாவ புடிச்சிக்கிட்டு காத்திருக்காங்க மா. எத்தன தடவதான் தெரியல தெரியலன்னு சொல்றது? அந்த எடத்துல ஏதாச்சும் ஒண்ணு போடணும்ல. நிக்கலைன்னு சொன்னா எல்லாம் அதோட முடிஞ்சிடும்னு பாத்தேன்."

அதை அவர் சொன்ன விதத்தில் குற்றமே இல்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது. எனக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரியும். இனிமேல் தள்ளிப்போட முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வார்னிங், பூஜ்ஜியம், படிக்காமல் விட்டது, துணி எடுக்க ஓடியது வரைக்கும். கார்டு காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் விபத்து இல்லை, நான்தான் என்றேன்.

முதலில் பேசியது அண்ணிதான். "அந்த ஒண்ணுமில்லாதத போட்டுத்தான் என் புருஷன மூணு வாரமா மூலைல ஒக்கார வெச்சியா?" என்றார். அண்ணன் எழுந்து போனார். அன்று மாலை முழுக்க என்னோடு பேசவில்லை. அது எனக்கு அடி விழுந்ததைவிட வலித்தது.

காவல் நிலையத்தில் கொடுக்க அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஜொகூர் பாருவில் குழுத் தலைவர் செய்து பார்த்த சோதனையிலும் பூஜ்ஜியக் கட்டம் அதேபோல அழிந்திருந்தது. அவர் போனில் சொன்னார். "'எங்க குழு'ன்னு போடுங்க க்கா. ஒரு ஆள் பேர் எதுக்கு? ரிலீஸ அவசரப்படுத்துனவன் நான்தானே." நல்ல மனசு. ஆனால் ஓட்டுநரின் தங்கை மீட்டெடுத்த படத்தை யார் நம்புவார்கள்? படம் உண்மை என்று காட்ட, கார்டு எப்படிக் கெட்டது என்று ஒளிக்காமல் காட்ட வேண்டும். நான் என்றே எழுதினேன். எந்த வரி, என்ன போட்டேன், படம் எந்தக் கட்டத்தில் கிடைத்தது எல்லாம் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் காரை எடுத்தபோது, அண்ணன் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சிகாமட் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பாதையெல்லாம் பனி. எனக்கு இன்னும் அந்தப் படங்களுக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது.

விசாரணை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. படத்தை இரண்டு தடவை பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். நீங்கள் இவருடைய தங்கை, இதை நீங்களே வெட்டி ஒட்டிச் செய்யவில்லை என்று நான் எப்படி நம்புவது? ஒட்டிய உறையில் அசல் கார்டை நீட்டினேன். உங்கள் ஆட்களிடம் கொடுங்கள், இந்தக் கட்டத்தில் பாருங்கள், நகல் எடுத்ததோடு சரி, எதையும் மாற்றவில்லை என்றேன். அறிக்கையைப் படித்தார். என்னைப் பார்த்தார். "இதை நீங்கள்தான் கெடுத்தீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். மலாயில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை.

அடுத்து அண்ணனிடம் திரும்பி, அப்படியானால் நேற்றுச் சொன்னதை மாற்றி, நின்றேன் என்று புதிதாக எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதுங்கள்," என்று நிதானமாக மலாயில் சொன்னார். "நின்றதைப் பார்த்தது அந்தப் பெட்டி. நான் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்."

அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, அப்படியே எழுதி, திருப்பி வைத்தார். அண்ணன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. நான் படித்தவள், இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறவள். அந்த ஒரு வாக்கியத்தை நான் அந்த நிரலில் எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"அந்த மாதிரி எத்தன எடத்துல போட்டே?"

"நூறுக்கு மேலண்ணே."

"எல்லாம் லோரிலதான் ஓடுதா?"

"ஆமாண்ணே."

பிறகு என் முன்னால் கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை.

"சாவிய குடு. நீ வீட்டுக்குப் போய் அத ஒவ்வொண்ணா எடுக்கணும். வழியிலேயே போன் பண்ணி ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்கிட்டு வா. நான் ஓட்டுறேன்."

சாவியை அவர் கையில் வைத்தேன். காவல் நிலைய வாசலில், சாலையில் ஏறுவதற்கு முன்னால், காரை நிறுத்தினார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். எந்த வண்டியும் இல்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான், மறுபடியும் அடித்தான். அண்ணன் நகரவில்லை. நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தயாராகும்வரை சும்மா இருந்தேன்.